‘அக்கறையிலதானே கேட்கிறான்?’: பதின்ம வயது உறவில் வன்முறை, கேமரன் மலைத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன செய்யலாம்?

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு வரைதான் படிக்க முடியும். சுங்கை பாலாஸ், போ, புளூ வேலி என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தாலும், அதற்குப் பிறகு மலைப்பாதையில் பஸ் ஏறி, தானா ராத்தா, ரிங்லெட் போன்ற ஊர்களில் உள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போயாக வேண்டும். அதுவரை வகுப்பில் இருந்த எல்லோரும் சொந்தக்காரர்கள், பக்கத்து லயத்துப் பிள்ளைகள். இனி அப்படி இல்லை. பாட மொழி மாறுகிறது, கூட்டாளிகள் மாறுகிறார்கள், பெரும்பாலும் முதல் கைப்பேசியும் அந்த வயதில்தான் கைக்கு வருகிறது. முதல் காதலும் அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது.

கூடவே இன்னொன்றும் வருகிறது. “நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஆன்லைன்ல இருந்தியே, யார்கூட பேசிக்கிட்டு இருந்த?” என்ற கேள்வி.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தந்திருக்கிறார்களா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி, பெட்டாலிங் ஜெயா, பண்டார் உத்தாமாவில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் 16 வயது மாணவி பள்ளி வளாகத்திலேயே கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். அதே பள்ளியைச் சேர்ந்த 14 வயது மாணவன் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. காரணம் என்ன என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வீடுகளிலும் உணவுக்கடைகளிலும் என்ன பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். பிரம்படியைத் திரும்பக் கொண்டு வரணும், பையைச் சோதிக்கணும், போனைத் தடை செய்யணும். எல்லாமே சம்பவம் நடக்கும் வாசலில் நின்று தடுக்கிற யோசனைகள். ஒரு பையனுக்கு ‘வேண்டாம்’ என்ற பதிலைத் தாங்கிக்கொள்ளச் சொல்லித் தருவது எப்படி என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை.

இது மலேசியாவில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, காதல் அல்லது திருமண உறவில் இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் 24 விழுக்காட்டினர், துணையின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஏற்கெனவே ஆளாகியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர், அதுவும் இருபது வயதைத் தொடுவதற்கு முன்பே.

எது வன்முறை? அடித்தால்தானா?

இல்லை. அடி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் நடப்பவை எல்லாம் ‘அன்பு’ என்ற பெயரில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. போன் கடவுச்சொல்லைக் கேட்பது. எங்கே இருக்கிறாய் என்று ‘லொக்கேஷன்’ அனுப்பச் சொல்வது. வகுப்புத் தோழனிடம் பேசியதற்குக் கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பது. இந்த உடை போடாதே, அந்தக் கூட்டாளியோடு சேராதே என்பது. “நீ விட்டுட்டுப் போனா கைய அறுத்துக்குவேன்” என்பது. முன்பு அனுப்பிய படத்தை ‘குரூப்பில் போட்டுடுவேன்’ என்று மிரட்டுவது.

இதையெல்லாம் கேட்டால் பெண் பிள்ளைகள் பலர் சொல்லும் பதில், தலைப்பில் உள்ள அந்த வரிதான். பையன்களிலும் பாதிக்கப்படுகிறவர்கள் உண்டு. பெண் அறைந்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கூட்டாளிகள் எதிர்பார்ப்பதால், அவர்கள் வெளியே சொல்வது இன்னும் குறைவு.

நம் சினிமாவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணை நாயகன் பஸ்ஸிலும் கோவிலிலும் கல்லூரி வாசலிலும் பின்தொடர்ந்து, கடைசிப் பாட்டுக்குள் ‘ஆமாம்’ சொல்ல வைத்துவிடுவான். 2016 ஜூன் 24-இல் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் மென்பொருள் பொறியாளர் சுவாதி வெட்டிக் கொல்லப்பட்டபோது, பெண்ணைத் துரத்துவதைக் காதலாகக் காட்டுவது சரியா என்ற விவாதம் தமிழ்நாட்டில் பெரிதாக எழுந்தது. அந்தப் படங்களை நம் மலைத் தோட்டத்திலும்தான் பார்க்கிறோம்.

நம் பள்ளிகளில் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் குடும்பச் சுகாதாரக் கல்வி 1989-லேயே பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. 2009-இல் இனப்பெருக்க, சமூக சுகாதாரக் கல்விக்கான தேசியக் கொள்கை வந்தது. ‘பெக்கெர்த்தி’ என்று அதைச் சொல்வார்கள். 2011 முதல் தொடக்கப்பள்ளியிலும் ‘பீர்ஸ்’ என்ற பெயரில் அந்தப் பாடம் சேர்ந்தது. உடல் வளர்ச்சி, பாதுகாப்பான தொடுதல், நட்பு, வேண்டாம் என்று சொல்லும் திறன் எல்லாம் அதில் உண்டு. தனிப் பாடமாக இல்லாமல், உடற்கல்வி, நலக்கல்விப் பாடத்துக்குள் வைத்துக் கற்பிக்கப்படுகிறது.

அப்படியென்றால் எங்கே இடிக்கிறது? நலக்கல்வி நேரம் என்றால் என்ன நடக்கும் என்று பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார். நடந்தாலும், ஆசிரியருக்கே கூச்சம். படத்தைக் காட்டிவிட்டு “வீட்ல படிச்சுக்குங்க” என்று பக்கம் புரட்டிவிடுவார். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயிற்சி இல்லாமல் இந்தப் பாடத்தை எடுப்பது யாருக்குமே சிரமம்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது: மொழி. தமிழ்ப்பள்ளியில் நலக்கல்வியைத் தமிழில் படித்த பிள்ளை, காதல் என்ற விஷயம் உண்மையிலேயே வாழ்க்கைக்குள் வரும் வயதில் அதே பாடத்தை மலாயில் கேட்கிறது. பாடநூலில் உள்ள ‘பெர்செத்துஜுவான்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘சம்மதம்’ என்கிறோம். ஆனால் நம் வீடுகளில் ‘சம்மதமா?’ என்ற கேள்வி எப்போது காதில் விழுகிறது? பெண் பார்க்க வரும்போது. அதுவும் கேட்பது பெற்றோரிடம். பெண் தலைகுனிந்து இருந்தால் அதுவே சம்மதம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பழமொழியே வைத்திருக்கிறோம். பீர்ஸ் பாடம் சொல்வது இதற்கு நேர் எதிர்: வாய் திறந்து ‘சரி’ என்று சொன்னால்தான் சரி, சொன்ன பிறகும் மனம் மாறலாம், பயந்து பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. இந்த வித்தியாசத்தை யாராவது தமிழில் உட்கார்ந்து பேசாவிட்டால், அது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் ஒரு மலாய்ச் சொல்லாகவே நின்றுவிடும்.

இப்படிப்பட்ட வகுப்புகளால் உண்மையில் மாற்றம் வருமா?

வரும், எல்லா வகையான வகுப்பாலும் இல்லை. ஒருநாள் முகாம் போட்டு, பதாகை முன்னால் படம் பிடித்துக்கொண்டு போவதைப் பற்றி நாம் பேசவில்லை. ஆராய்ந்து பார்க்கப்பட்ட சில திட்டங்களைப் பார்ப்போம்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த திட்டத்தின் பெயர் ‘நான்காவது ஆர்’. ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் ‘மூன்று ஆர்’ என்பார்கள், உறவு நான்காவது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 21 பாடங்கள். யார் நடத்தினார்கள் தெரியுமா? வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உடற்கல்வி, நலக்கல்வி ஆசிரியர்கள். அதாவது நம் பீர்ஸ் பாடம் இருக்கும் அதே இடம். சொற்பொழிவு குறைவு, இரண்டு பேரை எழுப்பி ‘அவன் இப்படிக் கேட்கிறான், நீ என்ன சொல்வாய்?’ என்று நடிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பப் பழக்குவதுதான் அதிகம். 20 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. இரண்டரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பாடம் நடக்காத பள்ளிகளில் 9.8 விழுக்காட்டினர் காதல் துணை மீது கை வைத்ததாகச் சொன்னார்கள். பாடம் நடந்த பள்ளிகளில் 7.4 விழுக்காடு. பையன்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 7.1-க்கு எதிராக 2.7. பெரிய வேறுபாடு.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990-களில் தொடங்கிய ‘சேஃப் டேட்ஸ்’ என்ற திட்டத்தில் பத்து வகுப்புகளோடு மாணவர் நாடகமும் சுவரொட்டிப் போட்டியும் இருந்தன. அதன் பலன் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணம் இந்தியாவின் ஹரியானா. அங்கே 314 அரசுப் பள்ளிகளைக் கொண்டு ஆய்வு நடந்தது. ‘பிரேக்த்ரூ’ என்ற அமைப்பு, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம், இரண்டரை ஆண்டு காலம் உட்கார்ந்து பேசியது. வீட்டு வேலையை யார் செய்கிறார்கள், தங்கை ஏன் படிப்பை நிறுத்தணும், அண்ணன் ஏன் காவலுக்குப் போகணும் என்ற மாதிரியான பேச்சு. பெண்களைக் குறைத்துப் பார்க்கும் கருத்துகளில் ஏறக்குறைய 16 விழுக்காடு மாறியதாக 2022-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நடத்தையில் அதிகம் மாறியது பையன்கள்தான். பெண் பிள்ளைகளுக்கும் எண்ணம் மாறியது. ஆனால் எண்ணியதைச் செய்ய வீடு விட வேண்டுமே!

விளையாட்டுப் பயிற்றுநர் வழியாகவும் ஒரு பாதை இருக்கிறது. கலிபோர்னியாவில் பயிற்றுநர்கள் வாரம் கால் மணி நேரம் தங்கள் அணிப் பையன்களிடம் பெண்களை மதிப்பது பற்றிப் பேசினார்கள். அதையே மும்பையில் கிரிக்கெட் பயிற்றுநர்களைக் கொண்டு ‘பரிவர்த்தன்’ என்ற பெயரில் செய்தார்கள். நம் பையன்கள் ஆலோசக ஆசிரியரின் அறைக்குள் நுழைய ஆயிரம் முறை யோசிப்பார்கள், பந்து விளையாடும் திடலுக்குக் கூப்பிடாமலேயே வந்துவிடுவார்கள். பால்பண்டத்தைப் பூனைக்குக் காட்ட வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு வெளியே: வரைபடம் போடும் யோசனை

எனக்கு மிகவும் பிடித்தது நியூயார்க் நகரத்தில் 30 பள்ளிகளில் செய்து பார்த்த ஒன்று. மாணவர்களிடம் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பயமாக உணரும் இடங்களுக்கு ஒரு நிறமும் பாதுகாப்பான இடங்களுக்கு வேறொரு நிறமும் அடிக்கச் சொன்னார்கள். பிறகு பயமான இடங்களில் ஆசிரியர்களை நிற்க வைத்தார்கள். 2013-இல் வெளியான முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது: வகுப்பில் பாடம் மட்டும் நடத்திய பள்ளிகளில் பெரிய மாற்றம் இல்லை. வரைபடம் போட்டு இடத்தைச் சரிசெய்த பள்ளிகளில் பாலியல் வன்முறை குறைந்தது.

இதைக் கேமரன் மலைக்குக் கொண்டு வந்து பாருங்கள். தோட்டத்துப் பிள்ளையின் வரைபடம் பள்ளி வேலியோடு முடியாது. பஸ்ஸின் பின் இருக்கை, பஸ் இறக்கிவிடும் முச்சந்தி, அங்கிருந்து லயத்துக்குப் போகும் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலான குறுக்குப் பாதை, மாலையில் மழையும் மூடுபனியும் இறங்கியதும் ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. பள்ளி முடிந்து கூடுதல் வகுப்பும் இருந்தால் வீடு சேரும்போது இருட்டிவிடும். ஒரு வெள்ளைத்தாளும் நாலு வண்ணப் பென்சிலும் போதும். இதற்கு அமைச்சின் ஒதுக்கீடு தேவையில்லை. பஸ் ஓட்டுநர், தோட்ட நிர்வாகம், கோவில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் எல்லோரும் அந்தத் தாளை ஒருமுறை பார்த்தால் போதும். தெருவிளக்கு எங்கே வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

இங்கே தோட்டத்தின் இயல்பையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அன்றிலிருந்தே இந்த மலையில் வாழ்கின்றன. இன்று தோட்ட வேலையில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல ஊருக்கு இறங்கிவிட்டன. மிஞ்சியிருப்பது சின்ன சமூகம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அது பாதுகாப்பும்தான், பயமும்தான். மிரட்டுகிற பையன் அம்மாவின் சிநேகிதி மகனாக இருப்பான், இல்லையென்றால் முறைப்பையனாகவே இருப்பான். புகார் கொடுத்தால் நாளைக்கு ஒரே பஸ்ஸில் போக வேண்டும், ஒரே திருவிழாவில் நிற்க வேண்டும். ‘ஊர் வாயை மூட உலை மூடி இல்லை’ என்று பாட்டி சொல்லியே வளர்ந்த பெண், பேசாமல் இருப்பதையே தேர்ந்தெடுக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று: விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடமே நின்றுவிடும் என்பது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் சொல்கிறோம்.

16 வயதுக்குக் கீழ் உள்ள பெண் பிள்ளையோடு உடலுறவு கொள்வது, அந்தப் பெண் ‘சரி’ என்று சொல்லியிருந்தாலும், குற்றவியல் சட்டப்படி வன்புணர்ச்சிதான். “லவ் பண்ணோம்” என்ற பதில் அங்கே எடுபடாது.

2017-ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டத்தில் சிறார் என்றால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள். சிறாரின் ஆபாசப் படத்தை வைத்திருந்தாலே ஐந்தாண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். எடுத்தாலும் பகிர்ந்தாலும் தண்டனை இன்னும் கடுமை. காதலி அனுப்பிய படத்தைக் கூட்டாளிக்குக் காட்டும் பையன், தான் விளையாடுவதாக நினைக்கிறான். சட்டம் அப்படி நினைக்கவில்லை. பாலியல் நோக்கத்தோடு சிறாரை நட்பாக்கிப் பழகுவதும் இந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். இதே சட்டத்தின் 19-ஆவது பிரிவை ஆசிரியர்களும் உறவினர்களும் கவனிக்க வேண்டும்: குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். ‘குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கலாம்’ என்று மூடி மறைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2023 மே 31 முதல் தனிக் குற்றம். குற்றவியல் சட்டம் 507ஏ பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். பகடிவதைக்கான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11-இல் நடப்புக்கு வந்தன. 2024 ஜூலையில் இணையத் துன்புறுத்தலுக்குப் பிறகு உயிரிழந்த ஈஷா என்ற ராஜேஸ்வரியின் மரணம் இதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல். பாலியல் தொல்லைக்கு இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அது 250,000 ரிங்கிட் வரை வழங்க உத்தரவிட முடியும்.

ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவி, முன்னாள் துணை, குடும்ப உறுப்பினர்களுக்குத்தான். திருமணமாகாத காதலர்கள் அதற்குள் வருவதில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் பாதுகாப்பு ஆணையை 17 வயதுப் பெண் தன் காதலன் மீது கேட்க முடியாது. மகளிர் அமைப்புகள் இதை மாற்றச் சொல்லி நீண்ட நாளாகவே கேட்டு வருகின்றன.

‘கல்யாணம் பண்ணி வச்சுட்டா பிரச்சினை முடிஞ்சிடும்’ என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 18. பெண்ணுக்கு 16 முடிந்திருந்தால், மந்திரி பெசாரின் சிறப்பு அனுமதியோடு மட்டுமே நடத்தலாம். கோவிலில் தாலி கட்டியதால் மட்டும் சட்டம் அதைத் திருமணமாக ஏற்காது; மிரட்டியவனுக்கே பெண்ணைக் கொடுப்பது எந்த விதத்தில் தீர்வு என்பதையும் யோசிக்க வேண்டும்.

பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது?

பெரும்பாலும் பிள்ளை முதலில் சொல்வது அம்மாவிடம் இல்லை, தோழியிடம். அதனால்தான் நல்ல பள்ளித் திட்டங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கின்றன: ரகசியம் காக்கிறேன் என்று சத்தியம் செய்யாதே, தனியாக அவனிடம் போய்ச் சண்டை போடாதே, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் அவளோடு சேர்ந்து போ.

உங்களிடமே வந்து சொன்னால் முதல் வேலை, போனைப் பிடுங்காமல் இருப்பது. பிடுங்கினால் இரண்டு நஷ்டம். மிரட்டல் செய்திகள் எல்லாம் அதில்தான் சாட்சியாக இருக்கின்றன. அழிக்காமல் திரைப்படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஏதாவது நடந்தால் பிள்ளை உங்களிடம் வராது என்பது இரண்டாவது. “நீ ஏன் அவன்கூட பேசுன?” என்பதற்குப் பதில் “நல்லவேளை சொன்னம்மா, இப்ப என்ன செய்யலாம்னு பார்ப்போம்” என்று தொடங்குங்கள். மகன்தான் மிரட்டுகிறவன் என்று தெரிய வந்தால் இது இன்னும் கஷ்டம். ‘வயசுப் பையன் அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் எளிது. அவனும் அதையே பதிலாக எடுத்துக்கொள்வான்.

பள்ளியில் ஆலோசக ஆசிரியரைப் பார்க்கலாம். உடலில் காயம் இருந்தாலோ பாலியல் வன்முறை நடந்திருந்தாலோ தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல், தடயம் அழியாமல் போவது நல்லது. தாலியான் காசே 15999 எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. பேச முடியாத சூழ்நிலையில் 019-261 5999 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாம். மகளிர் உதவி அமைப்பின் தொலைபேசி 03-3000 8858, வாட்ஸ்அப் 018-988 8058. ‘கைய அறுத்துக்குவேன்’ என்று சொன்னது உங்கள் பிள்ளையாக இருந்தாலும் சரி, எதிர்த்தரப்புப் பிள்ளையாக இருந்தாலும் சரி, அதை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடாமல் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 அல்லது ஹீல் 15555 எண்ணை அழையுங்கள். மலாயில் பேசத் தயக்கம் இருந்தால், தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று எடுத்த உடனேயே கேளுங்கள்.